ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையார்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு சாதனைப் பெண்மணியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் மேரி கியூரி அம்மையாரை எடுத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு காரணம் உண்டு. நம்ம பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பில் அணுவைப் பற்றியும் கதிரியக்கத்தைப் பற்றியும் பாடம் இருக்கு. மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதிட்டு மறந்துடறாங்க. அம்மா வாயால் கதையாகக் கேட்டால் மறக்காது. இன்னொரு காரணம், புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கணும் என்று டாக்டர் சொன்னதுமே, பயந்துபோய் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் உண்மையில் கரண்ட் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதும் இந்த அம்மாவின் கதையில்தான் இருக்கு.

அக்கா தங்கை பேசிக்கொண்ட பேச்சு

மேரி 1867 நவம்பர் 7 அன்று போலந்து நாட்டு வார்சா நகரத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் மரியா. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அம்மா பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடத்தியவர். அப்போது வார்சா ரஷ்ய மன்னரின் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் தாய்மொழியான போலிஷ் மொழியில் பாடம் நடத்தக் கூடாது. பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது.

மூத்த அக்கா காய்ச்சலில் இறந்தார். மரியாவுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அம்மாவைக் காசநோய் கொண்டுபோனது. அப்பாவுக்கு வருமானம் குறைந்து, வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துக் குடும்பம் நடந்தது. அந்த நெருக்கடியிலும் மரியா பள்ளியில் முதல் மாணவியாகத் தங்கப் பதக்கம் வாங்கினார். அதற்கு மேல் படிக்க வழி இல்லை. பெண்கள் ரகசியமாக வீடு மாறி வீடு கூடிப் படித்த ஒரு படிப்பு வட்டம் இருந்தது. காவலர் கண்ணில் படாமல் அதில் போய்ப் படித்தார்.

அக்கா பிரோனியாவுக்கு டாக்டர் ஆகணும் என்று ஆசை. மரியாவுக்கு விஞ்ஞானம் படிக்கணும். இரண்டுக்கும் பாரிஸ் போகணும். கையில் காசு இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். முதலில் அக்கா போய்ப் படிப்பது, தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. அக்கா படித்து முடித்ததும் தங்கையைக் கூப்பிட்டுப் படிக்க வைப்பது. நம்ம குழுவில் இந்த மாதம் ஒருத்தருக்கு, அடுத்த முறை இன்னொருத்தருக்கு என்று சங்கக் கடன் கொடுக்கிறோமே, அந்த மாதிரிதான். அவர்களிடம் தீர்மானப் புத்தகம் இல்லை, கையெழுத்து இல்லை. நம்பிக்கை ஒன்றுதான் ஜாமீன்.

மரியா பதினெட்டு வயதில் கிராமத்துப் பணக்கார வீடு ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில் சேர்ந்தார். வருஷத்துக்கு 500 ரூபிள் சம்பளம். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். அந்த வீட்டு மூத்த மகன் அவரைக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டபோது, நம்மிடம் சம்பளம் வாங்குகிற பெண்ணா மருமகள் என்று பெற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை. அக்காவுக்குப் பணம் போக வேண்டுமே! சாயங்காலத்தில் பண்ணைக் கூலிகளின் பிள்ளைகளைக் கூட்டி, தடை செய்யப்பட்ட போலிஷ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

அக்கா வாக்குத் தவறவில்லை. டாக்டராகி, கல்யாணமும் முடிந்ததும் தங்கையை அழைத்தார். 1891-ல் மரியா பாரிஸ் போனார். அப்போது வயது 24. அங்கே அவர் பெயர் மேரி ஆனது.

மாடி அறைப் படிப்பு

சோர்போன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறை. குளிர்காலத்தில் பாத்திரத் தண்ணீர் உறைந்துவிடும். இருக்கிற துணியை எல்லாம் மேலே போட்டுக்கொண்டு தூங்குவார். ரொட்டியும் டீயுமாகப் பல நாள் ஓட்டி, ஒருமுறை மயங்கியும் விழுந்தார். 1893-ல் இயற்பியல் பட்டத்தில் முதலிடம். மறு வருஷம் கணிதத்தில் இரண்டாவது இடம். இடையில் போலந்திலிருந்து 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்தது. அதைத் திருப்பித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தப் பணத்தை முழுசாகத் திருப்பிக் கட்டினார். இன்னொரு ஏழை மாணவிக்குப் போகட்டும் என்ற நினைப்பு. சுழல்நிதி என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். இவர் தானாகவே அதைச் செய்தவர்.

1895-ல் விஞ்ஞானி பியேர் கியூரியை மணந்தார். கல்யாணத்துக்கு எடுத்த உடுப்பு கருநீலம். பின்னால் ஆய்வுக்கூடத்துக்கும் போட்டுப் போகலாம் என்றுதான் அந்த நிறம். அன்பளிப்பாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி ஊர் சுற்றினார்கள். 1897-ல் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். பியேரின் அப்பா ஒரு டாக்டர். அவர் மகன் வீட்டோடு வந்து தங்கிப் பேத்தியைப் பார்த்துக்கொண்டார். அந்த மாமனார் இல்லை என்றால் மேரியால் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்க முடியாது. இதையும் நாம் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

அணுவுக்குள்ளே இருந்து வந்த கதிர்

இப்போது கொஞ்சம் பாடம். பயப்படாதீங்க, அடுப்படியில் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

எந்தப் பொருளையும் பொடித்துக்கொண்டே போனால் கடைசியில் அணு வரும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பல லட்சம் அணுக்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சின்னது. நடுவில் அணுக்கரு. அதில் புரோட்டான், நியூட்ரான் என்ற துகள்கள் நெருக்கமாக இருக்கும். வெளியில் எலக்ட்ரான்கள். அது என்ன பொருள் என்பதைப் புரோட்டான் எண்ணிக்கைதான் முடிவு செய்யுது. 6 இருந்தால் கார்பன், அதாவது அடுப்புக்கரி. 26 இருந்தால் இரும்பு. 79 இருந்தால் தங்கம். 92 இருந்தால் யுரேனியம்.

நாம் சமைப்பது, எரிப்பது, துருப்பிடிப்பது எல்லாம் வெளியில் இருக்கிற எலக்ட்ரான்களோடு முடிந்துவிடும். நடுவில் இருக்கும் கருவை அது தொடாது. இரும்பு துருப்பிடித்தாலும் உள்ளே இருப்பது இரும்பு அணுதான்.

சில அணுக்களின் கரு மட்டும் நிலையாக இருப்பதில்லை. உள்ளே நெருக்கடி. தானாகவே உடைந்து துகளையும் கதிரையும் வெளியே தள்ளும். இதுதான் கதிரியக்கம். வெளிவருவது மூன்று வகை. ஆல்ஃபா என்பது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கட்டி. ஒரு காகிதமே அதைத் தடுத்துவிடும். பீட்டா என்பது வேகமாக வரும் எலக்ட்ரான். மெல்லிய அலுமினியத் தகடு போதும். காமா என்பது ஒளி மாதிரி, ஆனால் உடம்பை ஊடுருவிப் போகும். தடுக்கத் தடிப்பான ஈயம் வேண்டும்.

இவ்வளவும் இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கு. மேரி ஆரம்பித்தபோது அணுவுக்குள் கரு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 1896-ல் பெக்கரல் என்ற விஞ்ஞானி, யுரேனியம் கலந்த உப்பு கறுப்புத் தாளையும் தாண்டிப் போட்டோத் தகட்டில் தடம் பதிக்கிறதைக் கண்டிருந்தார். ஏன் என்று தெரியவில்லை. அதை மேரி தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்.

அந்தக் கதிர் பட்டால் காற்றில் மிகச் சின்ன அளவு மின்சாரம் ஓடும். பியேரும் அவர் அண்ணனும் செய்த நுட்பமான கருவியால் அதை மேரி அளந்தார். யுரேனியத்தைச் சூடு பண்ணினார், நனைத்தார், வேறு பொருளோடு சேர்த்தார். கதிரின் அளவு மாறவே இல்லை. யுரேனியம் எவ்வளவு இருக்கோ அதற்குத் தக்க கதிர், அவ்வளவுதான். அப்படியானால் இது அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வதால் வருவது இல்லை, அணுவுக்குள்ளே இருந்தே வருகிறது என்று முடிவுக்கு வந்தார். அணுவைப் பிளக்கவே முடியாது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான முடிவு! தோரியத்திலிருந்தும் அதே கதிர் வருவதைக் கண்டார். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதும் அதே தோரியம்தான்.

அடுத்து பிட்ச்பிளெண்ட் என்ற கறுப்புத் தாதுவை அளந்தார். அதில் இருக்கும் யுரேனியத்துக்கு வர வேண்டியதைவிடப் பல மடங்கு கதிர் வந்தது. குழம்பில் நாம் போட்ட மிளகாயை மீறிக் காரம் இருந்தால் என்ன நினைப்போம்? வேறு ஏதோ விழுந்திருக்கு என்றுதானே? மேரியும் அப்படித்தான் நினைத்தார். பியேரும் தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடச் சேர்ந்தார். 1898 ஜூலையில் ஒரு புதிய தனிமம். அடிமைப்பட்டுக் கிடந்த தன் நாட்டை நினைத்து அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார். டிசம்பரில் இன்னொன்று, அதுதான் ரேடியம். கதிரியக்கம் என்பதற்கு உலகம் சொல்லும் வார்த்தையும் அவர்கள் உண்டாக்கியதுதான்.

கொட்டகையில் நாலு வருஷம்

கண்ணில் காட்டு, எடை போட்டுக் காட்டு, அப்போதுதான் நம்புவோம் என்பது வேதியியல்காரர்களின் வழக்கம். ரேடியத்தைப் பிரித்தே ஆகணும். கிடைத்த இடம் ஒரு பழைய கொட்டகை. ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்த இடம். மழை பெய்தால் ஒழுகும், வெயிலில் வேகும். போஹீமியா நாட்டுச் சுரங்கத்திலிருந்து யுரேனியம் எடுத்தபின் வீசிய கழிவு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.

ஒரு தடவைக்கு 20 கிலோ வரை கொப்பரையில் கொதிக்கவைத்து, தன் உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியால் நாள் முழுக்கக் கிளறினார். வடிகட்டுவது, படியவிடுவது, மறுபடி காய்ச்சுவது. நெல் வேகவைத்தவர்களுக்கும் பாகு காய்ச்சியவர்களுக்கும் அந்தத் தோள்வலி புரியும். டன் கணக்கில் கழிவைக் காய்ச்சி, 1902-ல் அவர் கையில் எடுத்த ரேடியம் உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இரவில் அந்தக் கொட்டகைக்குப் போனால் கண்ணாடிக் குப்பிகள் இருட்டில் மெல்லிய வெளிச்சத்தோடு மின்னும். இருவரும் அதைப் பார்க்கவே போவார்களாம்.

ரேடியத்தில் 88 புரோட்டான். ஓர் ஆல்ஃபாவைத் தள்ளிவிட்டால் 86 ஆகி ரேடான் என்ற வாயு ஆகிவிடும். இப்படி உடைந்துகொண்டே போய், இருந்ததில் பாதி குறைய 1,600 வருஷம் ஆகும். அடுத்த 1,600 வருஷத்தில் மிச்சத்தில் பாதி. கடனை ஒவ்வொரு தவணையிலும் நிலுவையில் பாதி மட்டும் கட்டினால் எப்படிக் குறைந்துகொண்டே வருமோ, அந்த மாதிரி. பாடப்புத்தகத்தில் அரை ஆயுட்காலம் என்று இருப்பது இதுதான்.

ரேடியம் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பெரும் பணம் வந்திருக்கும். இருவரும் பேசி, வேண்டாம், அறிவு எல்லோருக்கும் பொது என்று செய்முறையை வெளியிட்டுவிட்டார்கள்.

பரிசும் பழியும்

1903-ல் இயற்பியல் நோபல் பரிசு. முதலில் பெக்கரல், பியேர் இருவர் பெயர் மட்டும்தான் பரிந்துரையில் இருந்தது. ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர் அதைப் பியேருக்குத் தெரிவித்தார். மேரியைச் சேர்க்காமல் இது நியாயம் ஆகாது என்று பியேர் எழுதிய பிறகு மேரியின் பெயரும் சேர்ந்தது. நோபல் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1906 ஏப்ரல் 19. மழை நாள். பாரிஸ் தெருவைக் கடந்த பியேர் குதிரை வண்டிச் சக்கரத்தில் விழுந்து இறந்தார். மேரிக்கு 38 வயது. மடியில் இரண்டு பெண்பிள்ளைகள், சின்னவள் ஈவுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அரசு உதவித்தொகை தர முன்வந்தது. உழைத்துப் பிள்ளைகளை வளர்க்க என்னால் முடியும் என்று மறுத்துவிட்டார். கணவர் வகித்த பொறுப்பு அவருக்கு வந்தது. சோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண். பார்க்கக் கூட்டம் கூடியிருந்த அந்த முதல் வகுப்பில் சோகக் கதை எதுவும் பேசவில்லை. பியேர் பாடத்தை எங்கே நிறுத்தியிருந்தாரோ, அந்த இடத்திலிருந்து தொடங்கினார்.

1911 அவருக்குச் சோதனை வருஷம். பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குப் போட்டியிட்டு மிகச் சில வாக்கில் தோற்றார். பெண் உள்ளே வரக் கூடாது என்று பேசியவர்கள் அங்கே நிறையப் பேர். அதே வருஷம், மனைவியோடு மனக்கசப்பில் இருந்த சக விஞ்ஞானி ஒருவரோடு இவருக்கு இருந்த நெருக்கத்தைப் பத்திரிகைகள் தெருவுக்கு இழுத்தன. வீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடிக் கத்தியது. பழி எல்லாம் பெண் தலையில், அதுவும் வெளிநாட்டுக்காரி என்று. அந்தச் சமயத்தில்தான் வேதியியலுக்கு இரண்டாவது நோபல். பரிசு வாங்க நேரில் வராமல் இருந்தால் நல்லது என்று அங்கிருந்தே ஒருவர் எழுதினார். பரிசு என் வேலைக்கு, என் சொந்த வாழ்க்கைக்கு இல்லை என்பது மேரியின் பதில். போனார், மேடையேறி வாங்கினார்.

முதல் உலகப்போர் வந்ததும் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போர்முனைக்குப் போனார். காயம்பட்டவர் உடம்பில் குண்டு எங்கே இருக்கு என்று பார்க்க, எக்ஸ்ரே கருவி வைத்த வண்டிகளை ஏற்பாடு செய்தார். கார் எஞ்சினிலிருந்தே மின்சாரம். வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். மகள் ஐரீனும் பதின்ம வயதிலேயே கூடப் போனாள். சுமார் 150 பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப் பயிற்சி கொடுத்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பயன் பெற்றார்கள்.

பெண்கள் சேர்த்த ஒரு கிராம்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 1920-ல் மெலனி என்ற அமெரிக்கப் பெண் பத்திரிகையாளர் மேரியைப் பார்க்க வந்தார். ரேடியத்தைக் கண்டுபிடித்தவரின் ஆய்வுக்கூடத்தில் இருந்ததே ஒரு கிராம் அளவுதான். இன்னும் ஒரு கிராம் வாங்க ஒரு லட்சம் டாலர் வேண்டும், அந்த வசதி அவருக்கு இல்லை. மெலனி ஊருக்குப் போய்ப் பெண்கள் குழு அமைத்தார். அமெரிக்கா முழுக்கப் பெண்கள் சின்னச் சின்னத் தொகையாகப் போட்டு ஒரு லட்சம் டாலரைச் சேர்த்துவிட்டார்கள்.

1921 மே 20 அன்று வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அதை வழங்குவதாக ஏற்பாடு. முந்தின நாள் இரவு தானப் பத்திரத்தை மேரியிடம் காட்டினார்கள். மேரி கியூரிக்கு என்று எழுதியிருந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் இறந்துபோனால் இது என் மகள்களின் சொந்தச் சொத்தாகிவிடும், ஆய்வுக்கூடத்தின் பெயருக்கு மாற்றுங்கள் என்றார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இல்லை, இப்போதே என்று வக்கீலை வரவழைத்துப் பத்திரத்தை மாற்றிய பிறகுதான் விட்டார். குழுப் பணம் தனி ஆள் பெயரில் இருக்கக் கூடாது என்று நாம் படித்துப் படித்துச் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பின்னால் இதே மாதிரி திரட்டிய பணத்தில் வார்சாவிலும் ரேடியம் நிலையம் எழுந்தது. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? அக்கா பிரோனியா.

கதிரின் இன்னொரு முகம்

நல்லதை மட்டும் எழுதினால் அது முழுக் கதை ஆகாது. அந்தக் காலத்தில் ரேடியத்தை ஏதோ சஞ்சீவி மாதிரி விற்றார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில், இருட்டிலும் தெரியும் கடிகார முகத்துக்கு ரேடியம் கலந்த பெயிண்ட் பூசும் வேலையில் இளம் பெண்கள் இருந்தார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். ஒன்றும் செய்யாது என்றார்கள். ரேடியம் சுண்ணாம்புச் சத்து மாதிரி எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாடை எலும்பு அரித்து, ரத்தம் குறைந்து பல பெண்கள் இறந்தார்கள். 1927-ல் ஐந்து பெண்கள் வழக்கு நடத்தி, அடுத்த வருஷம் இழப்பீடு பெற்றார்கள். வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு கேட்பது நம்ம உரிமை என்பதற்கு அவர்கள் பட்ட பாடு ஒரு சாட்சி.

மேரியும் தப்பவில்லை. வெறும் விரலால் குப்பிகளைத் தொட்டதில் விரல் நுனிகள் வெந்து காய்த்துப்போயின. கண்புரைக்குப் பலமுறை அறுவை செய்தார்கள். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்று, 1934 ஜூலை 4 அன்று 66 வயதில் காலமானார். அவர் எழுதிய நோட்டுகள் இன்றைக்கும் கதிர் வீசுகின்றன. ஈயப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள். அவர் இறந்த மறு வருஷம் மகள் ஐரீன் தன் கணவரோடு நோபல் பரிசு பெற்றார். 1995-ல் பிரான்ஸ் நாட்டின் பெருமைக்குரியவர்கள் துயிலும் பாந்தியோனில் மேரியையும் பியேரையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

கரண்ட் என்கிற கதிர் சிகிச்சை

எலும்பை அரித்த அதே கதிரை, அளந்து, குறிபார்த்து, புற்றுக்கட்டி மேல் மட்டும் செலுத்தினால், வேகமாகப் பெருகும் அந்தக் கெட்ட செல்கள் சாகும். கருப்பைவாய்ப் புற்றுக்கு ரேடியத்தை வைத்துச் சிகிச்சை கொடுக்கத் தொடங்கியது அப்படித்தான். இப்போது ரேடியத்துக்குப் பதில் கோபால்ட், இரிடியம், பெரிய இயந்திரங்கள் எல்லாம் வந்துவிட்டன. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் சென்னை அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு.

சகோதரிகளே, இரண்டு விஷயத்தை அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். வெளியில் இருந்து இயந்திரத்தால் கதிர் வைத்துக்கொண்டவர் உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம். தைராய்டு புற்றுக்கு வாயால் மருந்து கொடுத்தால் மட்டும் சில நாள் தள்ளி இருக்கச் சொல்வார்கள், அதை டாக்டர் சொன்னபடி கேட்கணும். அடுத்தது, எக்ஸ்ரே எடுக்கும்போது கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எடுக்கும் ஸ்கேன் ஒலியால் எடுப்பது, அதில் கதிர் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் சிகிச்சையும் சேர்ந்திருக்கு. பணத்துக்குப் பயந்தும் யாரும் வீட்டில் முடங்க வேண்டாம்.

ஓர் அக்காவும் தங்கையும் மாற்றி மாற்றிக் கைகொடுத்ததால் உலகத்துக்கு ரேடியம் கிடைத்தது. நம்ம ஊரில் பத்தாவதோடு நிற்கிற பெண்பிள்ளை யார் வீட்டில் இருக்கிறாள் என்று அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியல் எடுங்கள். அந்தப் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால், முதல் வரிசையில் வையுங்கள்.

வாழ்க மகளிர் ஒற்றுமை!